உண்ணிக் காய்ச்சலிலிருந்து வளர்ப்பு நாயைக் காத்தல்: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் காய்ச்சலோடும் சோர்வோடும் கொண்டுவரப்படும் நாயைப் பார்த்ததும் கால்நடை மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “உண்ணி இருந்துச்சா?” என்பது. “ஒண்ணு ரெண்டு இருந்துச்சு டாக்டர், எடுத்துப் போட்டுட்டோம்” என்று பெரும்பாலான வீட்டார் பதில் சொல்கிறார்கள். நாயின் மேல் கண்ட உண்ணியை எடுத்துவிட்டதால் உண்ணியே தீர்ந்துவிட்டது என்று கருதுவதும், நோய் வந்தால் உடல் சுடும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதும்தான் இந்த நோயில் நாய்களை இழப்பதற்கு முக்கியக் காரணங்கள். உண்ணிகளில் பெரும்பகுதி எந்த நேரத்திலும் நாயின் மேல் இருப்பதில்லை. அவை வீட்டுச் சுவரிலும் தரையிலும் இருக்கின்றன. காய்ச்சல் தணிந்த பிறகும் நோய் மாதக்கணக்கில் இரத்தத்தில் தங்கியிருக்கக்கூடும். இந்த இரண்டையும் மனத்தில் கொண்டால்தான் கீழே வரும் படிகள் ஒவ்வொன்றும் ஏன் தேவை என்பது விளங்கும்.

இந்நோய் நம் ஊருக்குப் புதிதன்று. நாய்களின் சிவப்பணுக்களைத் தாக்கும் ‘பபேசியா கிப்சனி’ என்ற ஒட்டுண்ணியை, பாட்டன் என்ற ஆய்வாளர் 1910ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்தபோது, அவர் அதைக் கண்டது மெட்ராஸ் வேட்டைக் குழுவின் நாய்களுடைய இரத்தத்திலும், பின்னர் நரியின் இரத்தத்திலும்தான். வெள்ளையணுக்களுக்குள் வாழும் ‘எர்லிக்கியா கேனிஸ்’ என்ற பாக்டீரியா 1935இல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்டது; வியட்நாம் போரின்போது அமெரிக்க இராணுவத்தின் நாய்கள் நூற்றுக்கணக்கில் அதனால் மடிந்த பிறகே அந்நோயின் கடுமையை உலகம் உணர்ந்தது. நாம் பொதுவாக ‘உண்ணிக் காய்ச்சல்’ அல்லது ‘டிக் ஃபீவர்’ என்று ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் பல நோய்களின் தொகுப்பு. எர்லிக்கியா, பபேசியா ஆகிய இரண்டும் இங்கு அதிகம் காணப்படுபவை. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைத் தாக்கும் அனப்ளாஸ்மா, உண்ணியை நாய் விழுங்குவதால் தொற்றும் ஹெப்பட்டோசூன் ஆகியவையும் உண்டு. ஒரே நாய்க்கு இரண்டு நோய்கள் சேர்ந்து வருவதும் அரிதன்று.

முதல் படி: உண்ணியின் போக்கை அறிந்துகொள்ளுதல்

நம் வீட்டு நாய்களில் காண்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. முட்டையிலிருந்து வெளிவரும் ஆறு கால் குஞ்சு, அடுத்த பருவத்து எட்டுக் கால் இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி ஆகிய மூன்று பருவங்களிலும் அது நாயின் இரத்தத்தையே விரும்பும். ஒவ்வொரு பருவத்திலும் சில நாட்கள் இரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, ஒதுக்கமான இடத்தில் தோலுரித்து, மீண்டும் நாயைத் தேடி ஏறும். வயிறு நிறைந்த பெண் உண்ணி, சாம்பல் நிறத்தில் சிறிய ஆமணக்கு விதை போல உருண்டு திரண்டிருக்கும்; நாயை விட்டு இறங்கியதும் சுவர் விரிசலிலோ கதவு நிலையின் இடுக்கிலோ புகுந்து 4,000 முட்டைகள் வரை இட்டுவிட்டுச் சாகும். இந்த இனத்துக்கு மேல்நோக்கி ஏறும் இயல்பு உண்டு என்பதால், தரையை மட்டும் கழுவிவிடும் வீடுகளில் சன்னல் விளிம்பிலும் திரைச்சீலை மடிப்பிலும் அவை பத்திரமாக இருக்கும். முதிர்ந்த உண்ணியால் உணவின்றியே பல மாதங்கள் உயிர் வாழ முடியும். குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்து உண்ணியின் பெருக்கத்தைக் குறைக்கும். நமக்கு அப்படி ஓர் ஓய்வுக்காலம் இல்லை. ஆகவே ‘உண்ணிப் பருவம்’ என்று ஒன்றை எண்ணிக் கோடையில் மட்டும் மருந்து போடுவது பயனற்றது.

இரண்டாம் படி: நாள்தோறும் கைவிரல்களால் சோதித்தல்

கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவிப் பார்ப்பதே நம்பகமானது. நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, விரல் நுனிகளால் முடியின் வளர்ச்சிக்கு எதிர்த் திசையில் தோலைத் தொட்டவாறே மெதுவாக நகர வேண்டும். காது மடலின் உட்புறமும் அதன் ஓரத்திலுள்ள சிறு மடிப்பும், கழுத்துப் பட்டையின் அடிப்பகுதி, அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடிப்புறம், கண்ணிமை ஓரம் ஆகியவை தவறாமல் பார்க்க வேண்டிய இடங்கள். பலரும் விட்டுவிடும் இடம் கால் விரல்களின் இடைவெளி. நான்கு பாதங்களையும் விரித்து, மெத்தைகளுக்கு நடுவே உள்ள தோலைப் பார்க்க வேண்டும். நாய் ஒரே பாதத்தைத் திரும்பத் திரும்ப நக்கினால் அங்கே உண்ணி இருக்க வாய்ப்பு அதிகம். இராஜபாளையம் நாயைப் போல வெண்ணிறமும் குட்டை முடியும் உள்ளவற்றில் உண்ணி சட்டென்று தெரிந்துவிடும். கறுப்பு லாப்ரடாரிலும் அடர்ந்த முடியுள்ள ஜெர்மன் ஷெப்பர்டு, ஷிட்சூ போன்றவற்றிலும் விரல் மட்டுமே துணை. மருவையோ முலைக்காம்பையோ உண்ணி என்று எண்ணிப் பிடுங்கிவிடக் கூடாது. முடியை விலக்கிப் பார்த்தால் உண்ணிக்குத் தோலை ஒட்டிச் சிறு கால்கள் தெரியும்.

மூன்றாம் படி: கண்ட உண்ணியை முறையாக எடுத்தல்

கூர்முனை உள்ள இடுக்கியால், உண்ணியின் பருத்த வயிற்றை அழுத்தாமல், தோலை ஒட்டிய வாய்ப்பகுதியைப் பிடித்துச் சீரான விசையுடன் நேராக மேலே இழுக்க வேண்டும். முறுக்குவதும் வெடுக்கென்று பிடுங்குவதும் வாய்ப்பகுதி தோலுக்குள்ளேயே முறிந்துபோகச் செய்யும். எடுத்ததைச் சோப்பு நீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டுக் கொல்ல வேண்டும். கடித்த இடத்தைக் கிருமிநாசினியால் துடைத்து, கையைக் கழுவ வேண்டும். நகத்தால் நசுக்கும் பழக்கம் பல வீடுகளில் உள்ளது. அதை உடனே நிறுத்துவது நல்லது, ஏனெனில் இதே உண்ணி மனிதருக்குப் புள்ளிக் காய்ச்சல் உண்டாக்கும் ரிக்கெட்சியா கிருமியையும் சுமக்கக்கூடியது. மற்றபடி, நோயுற்ற நாயைத் தொடுவதாலோ அதனுடன் படுப்பதாலோ நாயின் உண்ணிக் காய்ச்சல் வீட்டாருக்கு ஒட்டிக்கொள்வதில்லை.

தீக்குச்சியால் சுடுதல், மண்ணெண்ணெய் தடவுதல், புகையிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுதல் ஆகியவை நாயின் தோலையும் உயிரையும் பணயம் வைக்கும் செயல்கள். நாயின் படுக்கையில் பாச்சை உருண்டை போட்டு வைப்பது இவற்றைவிட ஆபத்தானது. அதிலுள்ள நாப்தலின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; பபேசியாவும் அதையேதான் செய்கிறது. உண்ணி போகும் என்று பூண்டு கொடுப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களுக்கு நஞ்சு.

நான்காம் படி: தடுப்பு மருந்தைத் தேர்ந்தெடுத்தல்

ஆண்டுதோறும் போடும் தடுப்பூசிகள் உண்ணிக் காய்ச்சலைத் தடுப்பதில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வெறிநோய், பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான ஊசிகளைத் தவறாமல் போட்டுவிட்டு, அதனால் எல்லாவற்றிலிருந்தும் பாதுகாப்பு வந்துவிட்டதாக நம்புவோர் பலர். உண்ணிக் காய்ச்சலுக்கு உண்ணியைத் தடுப்பதே தடுப்பூசி.

இன்று கிடைக்கும் முறைகளில், வாய்வழி கொடுக்கும் மெல்லும் மாத்திரைகள் சிறந்த பலன் தருகின்றன. அஃபாக்சோலேனர், சரோலேனர் ஆகியவை மாதம் ஒருமுறையும், ஃப்ளூரலேனர் பொதுவாக 12 வாரங்களுக்கு ஒருமுறையும் கொடுக்கப்படுகின்றன. நெக்ஸ்கார்டு, சிம்பாரிகா, பிரேவெக்டோ என்ற பெயர்களில் இவற்றை மருந்துக்கடையில் பார்த்திருப்பீர்கள். நாயின் எடைக்கு ஏற்ற அளவையே வாங்க வேண்டும். பெரிய நாய்க்கான மாத்திரையை உடைத்து இரண்டு சிறு நாய்களுக்குப் பங்கிடும் சிக்கனம் அளவைத் தாறுமாறாக்கும். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கு இவை கூடாது. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது; இந்த மருந்து வகை சில நாய்களில் நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. இம்மாத்திரைகளில் இன்னொரு வரம்பும் உண்டு: உண்ணி கடித்து இரத்தம் குடித்த பிறகே அது சாகும். எர்லிக்கியாவோ உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே நாய்க்குள் சென்றுவிடக்கூடியது. எனவே தெருநாய்கள் மிகுந்த பகுதியிலும் தோட்ட வீட்டிலும் இருப்பவர்கள், உண்ணியை அண்டவிடாமல் விரட்டும் கழுத்துப் பட்டையையும் சேர்த்துப் பயன்படுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்பது தகும்.

முதுகில் விடும் சொட்டு மருந்துகளைத் தோள்பட்டைகளுக்கு நடுவே, முடியை விலக்கித் தோலின் மேல் விட வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாட்கள் குளிப்பாட்டக் கூடாது. வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த எதையும் வாங்காதீர்கள். நாய் தாங்கும் அளவு பூனையைக் கொன்றுவிடும். நீரில் கலந்து உடம்பில் ஊற்றும் அமிட்ராஸ் விலை மலிவானது, பலனும் உள்ளதுதான். ஆனால் கலவை அடர்த்தி தவறினாலோ நாய் நக்கிவிட்டாலோ மயக்கமும் இதயத் துடிப்புக் குறைவும் ஏற்படும். குட்டிகளுக்கும் சினை நாய்களுக்கும் சர்க்கரை நோயுள்ள நாய்களுக்கும் அது வேண்டாம். ஐவர்மெக்டின் ஊசி உண்ணிக்கும் போடப்படுவதைப் பார்க்கலாம். கோலி, ஷெல்டி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் மரபணு மாற்றம் உள்ள நாய்களுக்கு அது மூளையைப் பாதித்து உயிரையே எடுக்கும் என்பதால், பாதுகாப்பான மாற்றுகள் இருக்கும்போது உண்ணிக்காக அதைத் தேடிப் போவதில் பொருளில்லை.

ஐந்தாம் படி: வீட்டைச் சரிசெய்தல்

எனக்குத் தெரிந்தவரை, பெரும்பாலானோர் தவறவிடும் படி இதுதான். நாய்க்கு மாத்திரை கொடுத்தும் உண்ணி தொடர்ந்து வருகிறதென்றால், மருந்தைக் குறை சொல்லும் முன் சுவரைப் பார்க்க வேண்டும். இரவில் ஒரு டார்ச் விளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தபடி, நாய் படுக்கும் இடத்தைச் சுற்றி இடுப்பு உயரம் வரைக்கும், கூண்டின் கூரை வரைக்கும் பார்த்துச் செல்லுங்கள். பகலில் வெறும் அழுக்குப் புள்ளிகளாகத் தோன்றியவை நகரத் தொடங்குவது தெரியும்.

விரிசல்களைச் சிமெண்டாலோ வெள்ளை சிமெண்டாலோ அடைத்து, கூண்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் சுண்ணாம்பு பூச வேண்டும். சாக்குப் பையைப் படுக்கையாகப் போட்டிருந்தால் அதை எரித்துவிட்டு, துவைக்கக்கூடிய துணிக்கு மாற வேண்டும். அத்துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலச வேண்டும். மருந்து தெளிப்பதானால் டெல்டாமெத்ரின் அல்லது சைபர்மெத்ரின் கரைசலை, பாட்டிலின் மேல் அச்சிட்ட அளவின்படி கலந்து, சுவர் இடுக்குகளிலும் கதவு நிலைகளிலும் அடிக்க வேண்டும். நாயையும் பூனையையும் வெளியேற்றி, மீன்தொட்டியை மூடி அதன் காற்றுக்குழாயை நிறுத்தி, அடித்த இடம் முழுதும் காய்ந்த பிறகே அவற்றை உள்ளே விட வேண்டும். ஒருமுறை தெளித்ததோடு நிற்பது வீண்வேலை. முட்டைகள் மருந்துக்குத் தப்பிவிடும் என்பதால் இரண்டு மூன்று வாரங்கள் கழித்து மீண்டும், தேவைப்பட்டால் அதன் பிறகும் தெளிக்க வேண்டும். சுற்றிலும் உள்ள புல்லைக் குட்டையாக வெட்டி, செங்கல் குவியலையும் பழைய மரச்சாமான்களையும் அப்புறப்படுத்துவது பாதி வேலையைக் குறைக்கும். வாசலில் சோறு வைக்கும் தெருநாய் இருந்தால், முடிந்தவர்கள் அதற்கும் மாத்திரை கொடுக்கலாம். அதனால் உங்கள் நாய்க்கும் நன்மையே.

ஆறாம் படி: அறிகுறிகளை முதல் நாளிலேயே அடையாளம் காணுதல்

உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் எர்லிக்கியாவின் முதல் கட்டம் தொடங்கும். வழக்கமாக ஓடிவரும் நாய் உணவுத் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவதும், படியேறத் தயங்குவதும், கண்ணில் பீளை தள்ளுவதும் காய்ச்சலுக்கு முன்பே தெரியலாம். மூக்கு காய்ந்திருப்பதை வைத்துக் காய்ச்சலை முடிவு செய்ய முடியாது. டிஜிட்டல் வெப்பமானியின் முனையில் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதே சரியான முறை. நாயின் இயல்பு வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மனிதக் கணக்கை வைத்து 101ஐக் கண்டு பதற வேண்டியதில்லை, 103ஐத் தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

வெப்பமானியைவிட அதிகம் சொல்வது ஈறு. மேலுதட்டைத் தூக்கி, கோரைப் பல்லுக்கு மேலுள்ள ஈற்றை விரலால் அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். ஈறே வெளிறியிருந்தால் இரத்தசோகை. மஞ்சள் படர்ந்திருந்தால் சிவப்பணுக்கள் சிதைவதாகவோ கல்லீரல் பாதிக்கப்பட்டதாகவோ கொள்ளலாம். ஈறு கறுத்த நாய்களில் கீழ் இமையைத் தாழ்த்தி அதன் உட்புறத்தைப் பார்க்கலாம். உடல்நலத்தோடு இருக்கும் நாளிலேயே உங்கள் நாயின் ஈற்றைப் பார்த்துப் பழகியிருந்தால்தான் நோய் நாளில் மாற்றம் தெரியும். அடிவயிற்றின் முடியற்ற பகுதியையும் பார்க்க வேண்டும்: குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் இருந்து, அழுத்தினாலும் அவை மறையாவிட்டால், தட்டணுக்கள் குறைந்து தோலுக்கடியில் இரத்தம் கசிகிறது என்று பொருள்.

மூக்கிலிருந்து இரத்தம் வடிதல், அடர் பழுப்பு அல்லது செந்நிறச் சிறுநீர், கறுத்த மலம், நிற்க முடியாமல் சரிதல், மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. மூக்கில் இரத்தம் வந்தால் பஞ்சை உள்ளே திணிக்காமல், துணியில் சுற்றிய பனிக்கட்டியை மூக்குத் தண்டின் மேல் வைத்து, நாயை அமைதிப்படுத்திக் கொண்டு செல்ல வேண்டும்.

இந்த நேரத்தில் வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடும் தவறு மிகுதியாக நடக்கிறது. அது நாயின் கல்லீரலையும் சிவப்பணுக்களையும் சேதப்படுத்தும். இபுப்ரோஃபென் இரைப்பையில் இரத்தக்கசிவையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். தட்டணுக்கள் ஏற்கெனவே சரிந்துகிடக்கும் உடலில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏழாம் படி: பரிசோதனையில் கேட்க வேண்டியவை

உண்ணியைக் கடைசியாக எப்போது கண்டீர்கள், என்ன தடுப்பு மருந்து எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், சாப்பாடு எப்போது குறைந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது மருத்துவரின் வேலையை எளிதாக்கும். முழு இரத்த எண்ணிக்கை எனப்படும் சி.பி.சி. சோதனை கட்டாயம் வேண்டும். நாயின் தட்டணுக்கள் பொதுவாக ஒரு மைக்ரோலிட்டருக்கு 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்கும். ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12 முதல் 18 கிராம் வரை. சில மாதிரிகளில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று திரண்டுகொள்வதால் இயந்திரம் குறைத்துக் காட்டிவிடும். ஆகையால் கண்ணாடிச் சில்லில் பூசிய இரத்தத்தை நுண்ணோக்கியிலும் பார்த்தார்களா என்று கேளுங்கள். காது நுனியைக் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தத்தில் பபேசியா நேரடியாகத் தென்படலாம். எர்லிக்கியா அவ்வாறு சிக்குவது அரிது. எனவே பூச்சில் ஒன்றும் இல்லை என்ற முடிவு நோயில்லை என்பதற்குச் சான்றாகாது.

பத்து நிமிடத்தில் முடிவு காட்டும் கிட் சோதனை, உடலில் உருவான எதிர்ப்பொருளைத்தான் காட்டுகிறது. தொற்றின் ஆரம்ப நாட்களில் அது எதிர்மறையாக இருக்கலாம். குணமான பிறகும் மாதக்கணக்கில் நேர்மறையாகவே இருக்கலாம். எந்தக் கிருமி என்பதைத் துல்லியமாகச் சொல்வது பி.சி.ஆர். சோதனை. பபேசியாவில் எந்த வகை என்று அறிவது சிகிச்சையையே மாற்றும் என்பதால், வசதியிருந்தால் அதைச் செய்துகொள்வது நல்லது. 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளும், தனியார் மருத்துவமனைக்குச் செலவழிக்க இயலாதவர்கள் நம்பிச் செல்லக்கூடிய இடங்கள்.

எட்டாம் படி: சிகிச்சையை இறுதிவரை நடத்துதல்

எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் முதன்மையான மருந்து. வழக்கமான அளவு நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம். காலம் 28 நாட்கள். பல நாய்கள் இரண்டு மூன்று நாட்களிலேயே எழுந்து வாலாட்டிச் சாப்பிடத் தொடங்கிவிடும். அதைக் கண்டு பத்தாவது நாளிலேயே மருந்தை நிறுத்திவிடும் வீடுகளில்தான் நோய் பதுங்கி, மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து எலும்பு மச்சையை முடக்கும் நாள்பட்ட கட்டமாகத் திரும்புகிறது. அக்கட்டத்தில் எல்லா வகை இரத்த அணுக்களும் சரியும். ஜெர்மன் ஷெப்பர்டு இனம் இதில் குறிப்பாக மோசமாகப் பாதிக்கப்படும்.

மாத்திரையைத் தயிர்சாதத்தில் ஒளித்துக் கொடுப்பது நம் வீடுகளில் இயல்பாக நடப்பது. பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் இம்மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், அவித்த கோழித் துண்டுக்குள் வைத்துக் கொடுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். விழுங்கிய மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும். மாத்திரைக்குப் பின் சிறிது உணவோ தண்ணீரோ உள்ளே போக வேண்டும்.

பபேசியாவுக்கு டாக்சிசைக்ளின் மட்டும் போதாது. சில வகைகளுக்கு இமிடோகார்ப் ஊசி பலன் தரும். பபேசியா கிப்சனிக்கு அட்டோவாகுவோன், அசித்ரோமைசின் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுப்பது போன்ற கூட்டுச் சிகிச்சை தேவைப்படும். இரத்தசோகை கடுமையானால் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். இரத்தம் கொடுக்க வரும் நாய் 25 கிலோவுக்கு மேற்பட்டதாகவும், தடுப்பூசி போட்டதாகவும், உண்ணிக் காய்ச்சல் கிருமிகள் இல்லை என்று சோதிக்கப்பட்டதாகவும் இருப்பது அவசியம். இரத்தத்தின் வழியாகவே இந்நோய்கள் பரவும்.

பப்பாளி இலைச்சாறு பற்றி எல்லோரும் கேட்பார்கள். அது எர்லிக்கியாவையோ பபேசியாவையோ கொல்லாது. மருந்துக்குப் பதிலாக அதை நம்பி இரண்டு நாட்களை இழப்பதுதான் அபாயம். படுத்துக்கிடக்கும் நாயின் வாயில் கட்டாயமாகச் சாற்றையோ கஞ்சியையோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். வெங்காயம், பூண்டு சேராத கோழி வடிசாறு, குழைந்த சோறு, சிறிதளவு அவித்த ஈரல் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை வைத்துப் பார்க்கலாம். தட்டணுக்கள் ஏறும் வரை ஓட்டம், குதித்தல், மற்ற நாய்களுடன் விளையாட்டு எதுவும் வேண்டாம். சிறு அடியும் உட்கசிவை உண்டாக்கும்.

ஒன்பதாம் படி: குணமான பிறகு

மருந்து முடிந்ததும் இரத்த எண்ணிக்கையை மீண்டும் பார்க்க வேண்டும். சில வாரங்கள் கழித்து இன்னொரு முறையும் பார்ப்பது நல்லது. ஒருமுறை வந்துபோன நோய் மறுபடி வராது என்ற எண்ணம் தவறு. அடுத்த உண்ணி அதே நோயை மீண்டும் கொண்டுவரும். பபேசியா கிப்சனி முற்றிலும் ஒழியாமல் உடலில் தங்கி, நாய் நலமாகத் தோன்றும்போதே கடிச்சண்டை வழியாக மற்ற நாய்க்குப் பரவக்கூடும். அத்தகைய நாயை இரத்ததானத்துக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. வெளியூர் செல்லும்போது நாயை விடுதியில் விட நேர்ந்தால், அங்குள்ள மற்ற நாய்களுக்கும் உண்ணி மருந்து கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு, கூண்டுச் சுவர்களை நேரில் பார்த்து, திரும்பி வந்த அன்றே வாசலில் வைத்துப் பாதம் முதல் காது மடல் வரை தடவிப் பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். புதிதாகத் தத்தெடுக்கும் நாய்க்கும் இதே சோதனையும், முதல் வாரத்திலேயே ஓர் இரத்தப் பரிசோதனையும் பொருந்தும்.